வானத்திலிருந்து விழும் கல்லுக்கும் சாட்சி வேண்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது கடைசி வரை வாசியுங்கள்.

ஒரு கேள்வி. இன்றிரவு இஷாவுக்குப் பிறகு ஒரு தீப்பந்து பெரிய வெளிச்சத்தோடு வானத்தைக் கடந்து ஓடுகிறது. ஓரிரு நிமிடம் கழித்து இடி போல ஒரு சத்தம். காலையில் பார்த்தால் உங்கள் வளவில் ஒரு கறுப்புக் கல் கிடக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?

இதையே தரம் 10 வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். "வீடியோ எடுத்து டிக்டொக்கில போடுவன் சேர்." "கழுவிப் பார்ப்பன்." "காந்தம் வச்சுப் பார்ப்பன்." "உடைச்சு உள்ளுக்குத் தங்கம் இருக்கா எண்டு பார்ப்பன்." "வித்தா எவ்வளவு வரும் சேர்?" பின் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும், "மழை வாறதுக்கு முன்னால ஒரு வாளியைக் கவிழ்த்து மூடி வைப்பன்" என்றாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அத்தனை பதில்களிலும் சரியானது அது ஒன்றுதான்.

நான் சொல்ல வருவது இதுதான். வானத்திலிருந்து விழுந்த ஒரு கல்லின் பெறுமதியில் பாதி, முதல் சில மணித்தியாலங்களில் அதைக் கண்டெடுத்தவர் என்ன செய்தார் என்பதில் தங்கியிருக்கிறது. அவர் பெரும்பாலும் பேராசிரியராக இருக்கமாட்டார். வயலுக்குப் போகும் விவசாயி, கரைவலை இழுக்கும் மீனவர், விடிய முற்றம் கூட்டும் உம்மா, கிரவுண்டில் பந்து பொறுக்கும் பொடியன், இவர்களில் ஒருவராகத்தான் இருப்பார். ஆகவே இந்த அறிவு ஊர் மக்களுக்குத்தான் முதலில் தேவை.

■ பிறைக்குச் சாட்சி கேட்பவர்கள் நாம்

இது எமக்குப் புதிய பழக்கமும் அல்ல. பிறை 29 மஃரிபுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கொழும்புப் பெரிய பள்ளிவாசலும், ஜம்இய்யத்துல் உலமாவும், முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் கூடியிருக்கின்றன. எங்கோ ஓர் ஊரிலிருந்து "பிறை கண்டோம்" என்று தகவல் வருகிறது. உடனே கேள்விகள்: கண்டது யார்? எங்கே நின்று? எத்தனை மணிக்கு? எந்தத் திசையில்? மேகம் இருந்ததா? கூட நின்றவர்கள் யார்? "யாரோ கண்டதாகச் சொன்னாங்க" என்பது அந்த இடத்தில் எடுபடாது.

விண்கல் ஆராய்ச்சியாளர்கள் கேட்பதும் ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான். யார், எங்கே, எப்போது, எந்தத் திசை, வேறு யார் பார்த்தது. அபூதாபியில் இருக்கும் சர்வதேச வானியல் மையத்தை எமது பிறைக்காரர்கள் பலருக்குத் தெரியும். பல நாடுகளிலிருந்தும் பிறைத் தகவல்களைத் திரட்டுபவர்கள் அவர்கள். 2015 நவம்பர் 13 ஆம் திகதி முற்பகலில் டபிள்யூ.டி.1190எஃப் என்று பெயரிடப்பட்ட விண்வெளிக் கழிவுத் துண்டு ஒன்று எமது நாட்டின் தெற்கே கடலுக்கு மேலாக எரிந்து விழுந்தது ஞாபகமிருக்கும். அதை விமானத்தில் பறந்து அவதானித்த குழுவை ஏற்பாடு செய்ததில் அதே மையத்துக்கும் பங்கிருந்தது. பிறை பார்ப்பதும் எரிபந்து பார்ப்பதும் அவர்களுக்கு ஒரே ஒழுக்கத்தின் இரண்டு வேலைகள்.

எமக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் பிறைக்கு இவ்வளவு கவனமாகச் சாட்சி கேட்கிற நாம், வாட்ஸ்அப்பில் "வானத்திலிருந்து விழுந்த அதிசயக் கல்" என்று படம் வந்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் பத்துக் குழுக்களுக்கு அனுப்புகிறோம். செய்தி வந்தால் முதலில் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்ற சூரத்துல் ஹுஜுராத்தின் போதனை கல்லுக்கும் பொருந்தும்.

■ அரலகங்வில கற்களுக்கு என்ன நடந்தது?

சாட்சி ஒழுங்காக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் எமது நாட்டிலேயே இருக்கிறது.

2012 டிசம்பர் 29 மாலை, பொலன்னறுவை மாவட்டத்தில் அரலகங்வில பக்கம் வானத்தில் எரிபந்து ஒன்றைக் கண்டதாக மக்கள் சொன்னார்கள். பிறகு வயல்களில் கற்கள் பொறுக்கப்பட்டன. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊடாக அவை பிரித்தானியாவின் கார்டிஃப் நகருக்குப் போயின. அங்கிருந்த ஆய்வுக்குழுவே எழுதியபடி, அனுப்பப்பட்ட துண்டுகள் 628. அவற்றில் விண்கல்லாக இருக்கலாம் என்று அவர்கள் பிரித்தெடுத்தது 3.

2013 ஜனவரியில் பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்கவும் குழுவினரும், கல்லுக்குள் டயற்றம் என்ற நுண்பாசியின் புதைபடிவங்கள் இருப்பதாகவும், ஆகவே விண்வெளியில் உயிர் இருந்ததற்கு இது ஆதாரம் என்றும் அறிவித்தார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது. எதிர்ப்பும் உடனே வந்தது. டயற்றங்கள் பூமியின் நன்னீரில் வாழும் சாதாரண இனங்கள் என்றனர் சிலர். மின்னல் தாக்கி உருகிய மண்ணாக இருக்கலாம் என்றனர் வேறு சிலர். இது விண்கல் என்பதே நிறுவப்படவில்லையே என்பதுதான் பெரும்பாலான நிபுணர்களின் வாதம். விண்கற்களைப் பதிவு செய்யும் சர்வதேசச் சங்கத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல் இன்று வரை இல்லை.

யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. ஓர் ஆசிரியனாக நான் பார்ப்பது வேறொன்றை. ஈர வயலில் கிடந்த 628 துண்டுகள். ஒவ்வொன்றும் எந்த வரப்பில், எத்தனை மணிக்கு, யார் கையால் எடுக்கப்பட்டது, எடுப்பதற்கு முன் எப்படிக் கிடந்தது என்பதற்குப் படத்தோடும் குறிப்போடும் ஒரு பதிவு இருந்திருந்தால் பாதி விவாதம் அன்றே முடிந்திருக்கும். நெல் வயலில் கிடந்த கல்லில் டயற்றம் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. குளத்துத் தண்ணீரிலும் வயல் சேற்றிலும் வாழ்வதுதான் அது. வானத்திலிருந்து வந்தது எது, வயலிலிருந்து ஏறியது எது என்று பிரித்துச் சொல்ல முதல் நாள் பதிவு ஒன்றுதான் வழி.

■ நம்பாமல் விட்டதும் பிழைதான்

மறுபக்கமும் உண்டு. 1768 இல் பிரான்சில் லூசே என்ற ஊரில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள், வானத்திலிருந்து கல் விழுந்ததைக் கண்ணால் கண்டோம் என்றார்கள். அந்தக் கல்லை ஆராய்ந்த விஞ்ஞானக் குழுவில், எமது பிள்ளைகள் இரசாயனவியல் புத்தகத்தில் படிக்கும் லவோசியேயும் இருந்தார். இது மின்னல் தாக்கிய பூமிக் கல் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். படித்தவர்கள் சொன்னதால் பாமரர்களின் சாட்சி தள்ளுபடியானது.

1803 ஏப்ரல் 26 ஆம் திகதி அதே பிரான்சில் லேக்ல் என்ற ஊரைச் சுற்றி ஏறத்தாழ 3,000 கற்கள் விழுந்தன. அரசாங்கம் ழான் பப்தீஸ்த் பியோ என்ற இளம் விஞ்ஞானியை அனுப்பியது. அவர் ஊர் ஊராகப் போய்ப் பலதரப்பட்ட மக்களிடமும் விசாரித்தார். ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டார். கற்கள் விழுந்த இடங்களை வரைபடத்தில் குறித்தார். அவை நீள்வட்ட வடிவில் பரந்திருந்தன. அந்த அறிக்கைக்குப் பிறகு, வானத்திலிருந்து கற்கள் விழுகின்றன என்பதை மறுப்பது விஞ்ஞான உலகில் கஷ்டமாகிவிட்டது.

லூசேயிலும் லேக்லிலும் சாட்சி சொன்னவர்கள் ஊர் மக்கள்தான். கேட்டு எழுதிய விதத்தில்தான் வித்தியாசம் இருந்தது.

■ ஏன் இவ்வளவு அவசரம்?

"கல்தானே, 450 கோடி வருடம் பழசு, நாலு நாள் போனால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்று காரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, தண்ணீர். பெரும்பாலான விண்கற்களில் இரும்பும் நிக்கலும் கலந்த உலோகத் துணுக்குகள் உண்டு. பூமியின் ஈரம் பட்டவுடன் அவை துருப்பிடிக்கத் தொடங்கும். கடற்கரை ஊர்களின் உப்புக்காற்று அதைவிட மோசம். உங்கள் கேற் எத்தனை மாதத்தில் துருப்பிடிக்கிறது என்று யோசித்தால் விளங்கும். காபன் நிறைந்த சில அரிய வகைக் கற்கள் தண்ணீர் பட்டால் உதிர்ந்தே போகும்.

இரண்டாவது, நேரம். விண்வெளியில் இருக்கும்போது கல்லில் கதிர்கள் மோதிச் சில கதிரியக்கத் தனிமங்கள் உருவாகின்றன. அவற்றில் ஒன்றான சோடியம்-24 இன் அரைவாழ்வு வெறும் 15 மணித்தியாலம். வனேடியம்-48 க்கு 16 நாட்கள். கல் விழுந்த கடிகாரம் ஓடத் தொடங்கியதும் இவை கரையத் தொடங்கும். வானத்தில் அந்தக் கல் எவ்வளவு பெரிதாக இருந்தது போன்ற விபரங்களை இவற்றை அளந்துதான் கணிக்கிறார்கள். (பயப்பட வேண்டாம். இந்தக் கதிரியக்கம் மிகமிகச் சொற்பம். வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்தில்லை.)

மூன்றாவது, நாங்கள்தான். எமது வியர்வை, எண்ணெய்க் கை, சவர்க்காரம், வாசனைக் கிறீம் எல்லாம் கல்லில் ஏறினால், அதில் இருந்த சேதனப் பொருட்களுக்கும் எம்மிடமிருந்து போனவற்றுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாமல் போகும்.

சரியாகச் செய்தவர்கள் யாரும் இருக்கிறார்களா? இருக்கிறார்கள், அதுவும் சாதாரண மக்கள்தான்.

2000 ஜனவரி 18 ஆம் திகதி கனடாவின் வடமேற்கில் ஒரு பெரிய எரிபந்து வெடித்தது. ஒரு கிழமை கழித்து அந்தப் பகுதியில் வசித்த ஒருவர், உறைந்து கிடந்த டாகிஷ் ஏரியின் பனிக்கு மேல் கறுப்புத் துண்டுகளைக் கண்டார். வெறுங்கையால் தொடவில்லை. சுத்தமான பிளாஸ்டிக் பைகளால் எடுத்து, உருக விடாமல் உறைநிலையிலேயே வைத்திருந்தார். ஒரு கிலோவும் இல்லை. ஆனால் உலகில் மிகச் சுத்தமாகப் பாதுகாக்கப்பட்ட விண்கல் மாதிரிகளில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது.

2021 பெப்ரவரி 28 இரவு 9.54 மணி. இங்கிலாந்தில் வின்ச்கம் என்ற சிறிய ஊருக்கு மேல் எரிபந்து. மறுநாள் காலை ஒரு குடும்பம் தங்கள் வீட்டு வாகனப் பாதையில் கரித்தூள் கொட்டியது போல ஒரு குவியலைக் கண்டது. கூட்டித் தள்ளவில்லை. கையுறை போட்டுச் சேகரித்துப் பைகளில் வைத்து, உரியவர்களுக்கு அறிவித்தார்கள். அடுத்த நாட்களில் தொண்டர்கள் செம்மறி மேயும் வயல்களில் வரிசையாக நடந்து இன்னும் துண்டுகள் எடுத்தார்கள். மொத்தம் அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். அதற்குள் சுமார் 11 சதவீதம் வேற்றுலகத் தண்ணீர் இருந்தது, கனிமங்களோடு பிணைந்த நிலையில். அந்தத் தண்ணீரின் ஐதரசன் விகிதம் எமது கடல்களின் தண்ணீரோடு ஒத்திருந்தது. பூமிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஒரு குடும்பத்தின் நிதானம் சாட்சி கொண்டுவந்தது. இவ்வளவு கவனமாக எடுத்த கல்லிலுங்கூட, பூமியின் ஈரம் பட்டு உருவான உப்புகளைப் பிறகு கண்டுபிடித்தார்கள். அப்படியானால் எமது மாரி மழையில் ஒரு கிழமை கிடந்த கல்லின் கதி என்ன?

2019 ஏப்ரல் 23 இரவு கொஸ்தா ரிக்காவில் அகுவாஸ் சர்காஸ் என்ற இடத்தில் கற்கள் விழுந்தன. எமது ஊர் போலவே மழை கொட்டும் நாடு. மழைக்கு முன் எடுத்த கல், மழைக்குப் பின் எடுத்த கல் என்று ஆராய்ச்சியாளர்களும் சந்தையும் இன்று வரை அவற்றை வேறாகவே பார்க்கிறார்கள். வாளியால் மூடுவேன் என்ற அந்தப் பிள்ளையின் பதிலுக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா?

■ என்ன செய்ய வேண்டும்?

இதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. எரிபந்தைக் கண்டால் உடனே நேரத்தைப் பாருங்கள். நீங்கள் நின்ற இடத்தை விட்டு நகராமல், எந்த மரத்துக்கு மேலே தொடங்கி எந்தக் கூரைக்குப் பின்னால் மறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையில் எத்தனை வினாடி என்று எண்ணுங்கள்.

2. கடைகளின் சீ.சீ.டி.வி. பதிவுகள் தங்கம் போன்றவை. சில நாட்களில் தானாக அழிந்துவிடும். உடனே பிரதி எடுங்கள். கமராவின் கடிகாரம் பெரும்பாலும் பிழையாக இருக்கும். ஆகவே கமராவின் நேரத்தையும் கைத்தொலைபேசியின் நேரத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். எத்தனை நிமிட வித்தியாசம் என்பது அதில் தெரிந்துவிடும்.

3. கல்லைக் கண்டால் தொடுவதற்கு முன் படம் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, கிட்ட ஒன்று. அளவுக்குப் பக்கத்தில் ஒரு நாணயம் அல்லது அடிமட்டம். போனில் இடத்தின் ஜீ.பி.எஸ். இலக்கம்.

4. மழை வரும் போலிருந்தால் வாளியால் மூடுங்கள்.

5. வெறுங்கையால் எடுக்க வேண்டாம். சுத்தமான கையுறை, இல்லாவிட்டால் சமையலுக்கு வாங்கும் புதிய அலுமினியத் தாள். அதிலேயே சுற்றுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சுற்று, தனி இலக்கம். பாவித்த சொப்பிங் பேக்கில் போட வேண்டாம்.

6. காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். புதிய சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பைக்கற்றுகள் இரண்டு மூன்றைக் கூடப் போடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்று கேட்பார்கள். கரண்ட் போய்ப் போய் வந்தால் ஈரம் வியர்த்துப் படியும். உலர்ந்த டப்பாவே எமக்கு உகந்தது.

7. கழுவ வேண்டாம், எண்ணெய் பூச வேண்டாம், உடைக்க வேண்டாம், நக்கிப் பார்க்க வேண்டாம்.

8. காந்தம் ஒட்ட வேண்டாம். இதுதான் பலருக்கு ஆச்சரியம். விண்கல்லா என்று பார்க்கக் காந்தம் வைக்கச் சொல்லித்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சில கற்களில் பல நூறு கோடி வருடத்துக்கு முந்திய காந்தப்புலத்தின் தடயம் பதிந்திருக்கும். சக்திவாய்ந்த காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனாலே அது அழிந்துவிடும். செவ்வாயிலிருந்து வந்த கற்களில் கூட இப்படி நடந்திருப்பதை 2023 இல் ஓர் ஆய்வு காட்டியது.

9. கிராம உத்தியோகத்தருக்கும் அருகிலுள்ள பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியருக்கும் சொல்லுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறை, புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், மொறட்டுவையில் உள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவனம் ஆகியவற்றுக்கு எழுதலாம். கல்லைக் கொடுத்தால் யாரிடம், எத்தனை மணிக்கு, எத்தனை கிராம் கொடுத்தோம் என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

10. விழுந்தது தகடு, தாங்கி, குழாய் போன்ற உலோகப் பொருள் என்றால் கிட்டவே போக வேண்டாம். ரொக்கட் பாகமாக இருந்தால் நச்சு எரிபொருள் ஒட்டியிருக்கலாம். பொலிசுக்கு அறிவியுங்கள்.

■ தேடப் போகிறவர்களுக்கு

கற்கள் பொதுவாக ஒரே இடத்தில் விழாது. வானத்தில் உடைந்து, லேக்லில் பியோ கண்டது போல நீள்வட்டமாகச் சிதறும். பாரமான துண்டு எரிபந்து போன திசையில் தூரமாகப் போகும். சிறியவை முன்னதாகவே கீழே இறங்கும், காற்று அவற்றை இழுத்தும் செல்லும். பற்றைக் காட்டில் தேடிக் களைப்பதைவிட கிரிக்கெட் கிரவுண்ட், சீமெந்துத் தரை, மொட்டைமாடி, அறுவடை முடிந்த காய்ந்த வயல், கடற்கரை மணல் என்பவற்றை வரிசையாக நடந்து பார்ப்பது பலன் தரும். வேற்றுக் கல் இலகுவாகக் கண்ணில் படும் இடங்கள் அவை. மற்றவர் காணிக்குள் போவதென்றால் அனுமதி கேளுங்கள். விதைத்த வயலை மிதித்துக் கல் தேடுவது எந்த விஞ்ஞானத்திலும் சேராது.

புதிதாக விழுந்த கல்லில் மெல்லிய கறுப்பு ஓடு இருக்கும், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக. உடைந்த இடத்தில் உள்ளே பெரும்பாலும் சாம்பல் நிறம் தெரியும். சில கற்களில் மாவைப் பெருவிரலால் அழுத்தியது போன்ற பள்ளங்கள் இருக்கும். தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக இருந்தால் அது அநேகமாக இரும்பு உருக்கிய கசடு. புல்மோட்டை மணலில் காந்தத்துக்கு ஒட்டும் கறுப்புத் துணிக்கைகளைக் கண்டு ஏமாற வேண்டாம். அவை இல்மனைற்றும் அதன் கூட்டாளிகளும்.

விழுந்த கல் நெருப்பாய்க் கொதிக்கும் என்பதும் பிழையான எண்ணம். எரிவது சில வினாடிகள்தான். உருகிய மேற்பரப்பு அப்போதே கழன்று பறந்துவிடும். பிறகு குளிர்ந்த உயர் வானத்தில் சில நிமிடங்கள் சும்மா விழுந்துகொண்டு வரும். ஆகவே கைக்கு இளஞ்சூடாகவோ குளிராகவோதான் இருக்கும். "கல் விழுந்து வைக்கோல் போர் எரிந்தது" என்று செய்தி வந்தால் இரண்டு தரம் விசாரியுங்கள்.

■ சகுனமும் சந்தையும்

கல் விழுந்தால் யாரோ பெரியவர் மௌத்தாகப் போகிறார், ஊருக்குக் கேடு வரப்போகிறது என்று கதைப்பவர்களும் உண்டு. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்றாஹீம் வபாத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அந்த மரணத்துக்காகத்தான் கிரகணம் என்று மக்கள் கதைத்தபோது, எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்கள் திருத்தினார்கள். தன் பிள்ளையை அடக்கிய துக்கத்திலும் அந்தத் திருத்தத்தை அவர்கள் விடவில்லை. கல்லைக் கரைத்துக் குடிப்பதும், தாயத்தாகக் கட்டுவதும் எமக்கு உரியதல்ல.

சந்தைக்கு வருவோம். விற்பது ஹராம் என்று நான் சொல்ல வரவில்லை. விண்கற்களுக்குச் சந்தை இருக்கிறது என்பது உண்மை. அகுவாஸ் சர்காஸில் ஒரு கல் துளைத்த நாய்க்கூடு கூட 2022 இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 44,100 டொலருக்குப் போனது. கஷ்டப்படும் ஒரு குடும்பம் விலை கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எப்போது, எங்கே விழுந்தது என்ற பதிவு இல்லாத கல்லுக்குச் சந்தையிலும் மதிப்புக் குறைவு. அந்த நாய்க்கூட்டுக்குக் காசு கொடுத்ததே அதன் சாட்சிக்காகத்தான்.

"விஞ்ஞானிகளிடம் கொடுத்தால் முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள்" என்ற பயமும் இருக்கிறது. ஒரு விண்கல்லுக்குச் சர்வதேசப் பெயர் வழங்க, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் ஒன்றில் வைப்பிடக் கேட்பது 20 கிராம், அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. அதற்கு மேல் யார் கேட்டாலும் எழுத்தில் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். உரிமை பற்றிய நாட்டுச் சட்டத்தை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவோடிரவாக வேன் கொண்டு வந்து காசை நீட்டுபவரிடம் கேட்க வேண்டாம்.

உடைத்துப் பங்கு போடுவது பற்றி ஒரு சரித்திரம். 1621 இல் ஜலந்தர் பக்கம் வானத்திலிருந்து இரும்பு விழுந்தது. அந்தப் பகுதி அதிகாரி நேரில் போய், தோண்டி எடுத்து, பையில் இட்டு முத்திரை வைத்துப் பேரரசர் ஜஹாங்கீருக்கு அனுப்பினார். ஜஹாங்கீர் தன் முன்னிலையில் நிறுக்கச் செய்தார். 160 தோலா. எல்லாவற்றையும் தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தார். 400 வருடத்துக்கு முன் ஒரு முஸ்லிம் அரசவையில் இவ்வளவு ஒழுங்கு! ஆனால் அதன் பிறகு சாதாரண இரும்பும் கலந்து வாளும் கத்தியும் குத்துவாளும் அடிக்கக் கட்டளையிட்டார். அந்தக் கத்தி இன்று வொஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல் இல்லை. எழுதி வைத்தது நிலைத்தது, உருக்கியது போனது.

■ பாடசாலைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும்

"சாமான் விலை ஏறிக் கிடக்கு, இப்ப கல்லுப் பாடமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2013 பெப்ரவரி 15 காலை ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் சுமார் 20 மீற்றர் அளவான விண்பாறை வெடித்தது. வெளிச்சத்தைக் கண்டவர்கள் யன்னலுக்கு ஓடினார்கள். ஓரிரு நிமிடம் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடிகளை நொறுக்கியது. சுமார் 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் கண்ணாடித் துண்டுகளால். ஒரு பாடசாலையில் நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர், வெளிச்சத்தைக் கண்டதும் 44 பிள்ளைகளையும் மேசைக்குக் கீழே போகச் சொன்னார். அவருக்குக் கை வெட்டுப்பட்டது. பிள்ளைகளில் ஒருவருக்கும் கண்ணாடி படவில்லை. வெளிச்சம் முதலில், அடி பிறகு. இந்த ஒரு வரியை எமது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு சதமும் செலவில்லை.

ஆகவே எனது கோரிக்கைகள் மூன்று.

ஒவ்வொரு பாடசாலையின் விஞ்ஞானக் கழகமும் ஒரு சிறிய பெட்டி வைத்திருக்கட்டும்: கையுறை, அலுமினியத் தாள், அடிமட்டம், சிலிக்கா ஜெல், ஒரு கொப்பி. கல் விழாவிட்டாலும் பாதகமில்லை. கண்டதை எழுதும் பழக்கம் பிள்ளையிடம் தங்கும்.

பிறை பார்க்கக் கூடும் இளைஞர்கள் எரிபந்தையும் குறித்துவைக்கட்டும். ஒவ்வொரு மாதமும் வானத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்தான்.

பள்ளிவாசல் நிர்வாகிகளும் வாட்ஸ்அப் குழு அட்மின்களும், யார், எங்கே, எப்போது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லாத "அதிசயக் கல்" செய்தியைக் குழுவில் விட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. விண்கற்களுக்கு அவை விழுந்த ஊரின் பெயரைத்தான் வைப்பார்கள். அந்த உலகப் பட்டியலில் எமது நாட்டு ஊர் ஒன்றின் பெயர் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது: முல்லைத்தீவு, 1795. அன்று அங்கே கைத்தொலைபேசியும் இல்லை, ஜீ.பி.எஸ்.ஸும் இல்லை. யாரோ கண்டார்கள், யாரோ எடுத்து வைத்தார்கள், யாரோ எழுதினார்கள். அவ்வளவுதான். இன்று எல்லா வசதியும் எமது சட்டைப்பைக்குள் இருக்கிறது. அடுத்த கல் உங்கள் ஊரில் விழுந்தால் அது அல்லாஹ் உங்கள் கையில் தந்த அமானிதம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் பெரியவர்கள் யாரும் எரிபந்து கண்டதாகவோ கல் விழுந்ததாகவோ சொல்லியிருந்தால், வருடம், இடம், சொன்னவர் நேரில் கண்டாரா என்பதோடு பின்னூட்டத்தில் எழுதுங்கள். கேள்விப்பட்ட கதை என்றால் கேள்விப்பட்டது என்றே எழுதுங்கள்.